பின்வாசல் சாவி யாரிடம்?

2004 ஜூலை 16, கும்பகோணம். பள்ளிச் சமையல் கூடத்துத் தீ வகுப்பறையின் ஓலைக்கூரைக்குப் பரவி 94 குழந்தைகள் இறந்தனர். சமையல் நடந்துகொண்டிருந்த முற்பகல் நேரம் அது.

நாமோ ஒத்திகையைக் காலை வழிபாட்டுக் கூட்டம் முடிந்த கையோடு நடத்துகிறோம். பிள்ளைகள் ஏற்கெனவே மைதானத்தில், வரிசையில்! மதிய உணவு இடைவேளையில், முன்வாசலை அடைத்துவிட்டு நடத்திப் பாருங்கள். எங்கள் பள்ளியில் அப்படி நடத்தியபோதுதான் பின்வாசல் சாவி இரவுக் காவலரிடம் இருப்பது தெரிந்தது. பகலில் அவர் வீட்டில் இருப்பார். இப்போது மற்றொரு சாவி சத்துணவு அமைப்பாளரிடம் இருக்கிறது.

வெளியே வந்ததும் தலைகளை எண்ணினால் போதாது; பெயர் கூப்பிட வேண்டும். வருகைப் பதிவு செயலியில் இருக்கிறதே என்பார்கள். நெட்வொர்க் கிடைக்கும் வரை தீ காத்திருக்காது. தாளில் ஒரு பட்டியலைக் கையோடு எடுத்து வாருங்கள். கழிப்பறைக்குப் போன பிள்ளை அதில்தான் அகப்படும்.

நடக்க இயலாத மாணவரை அழைத்து வருபவர் யார் என்பதைத் திட்டத்தில் பெயர் குறித்தே எழுதுங்கள். அவர் விடுப்பில் இருந்தால் யார் என்பதையும். ‘ஆசிரியர்கள்’ என்று பொதுவாக எழுத வேண்டாம்.

101, 108 எண்கள் பெரும்பாலும் தலைமையாசிரியர் அறையில்தான் தொங்குகின்றன. அவற்றைச் சமையல் கூடத்துச் சுவரிலும் பெரிதாக எழுதி வையுங்கள்.