கரையோரம் - 9: கடலுக்கும் லீவு

"பரீட்சை முடிஞ்சிருச்சு, பிள்ளைகளை ராமேஸ்வரம் பக்கம் கூட்டிட்டுப் போகலாம்னு இருக்கோம். கோயிலும் தனுஷ்கோடியும் பார்த்தா முடிஞ்சிரும்ல? மிச்ச நேரத்துக்கு என்ன செய்யறது?" இந்தத் தொடர் ராமநாதபுரம் கரைக்கு வந்ததிலிருந்து என்னிடம் பலரும் கேட்கிற கேள்வி இது. எனக்கும் ஒரு காலத்தில் அதே எண்ணம்தான் இருந்தது. அக்காவின் பிள்ளைகள் இருவரையும் முதல்முறை அழைத்துப்போனபோது ஒரே நாளில் பதினோரு இடம் என்று வேன் பேசினேன். வெயிலில் ஏறி இறங்கி, மதியத்துக்குள் சின்னவன் இரண்டு முறை வாந்தி எடுத்துவிட்டான். மூத்தவள் வண்டியை விட்டு இறங்கவே மாட்டேன் என்றாள். அன்று பார்த்த எதுவும் இருவருக்கும் இப்போது நினைவில்லை.

போன மே மாதம் மறுபடி போனோம். நான்கு நாள் தங்கினோம். எந்த நாளிலும் இரண்டு காரியத்துக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. காலை ஆறிலிருந்து ஒன்பதரை வரை, பிறகு மாலை நாலரைக்கு மேல். நடுவில் நிழலும் தூக்கமும்தான். பிள்ளைகளோடு கடற்கரைக்குப் போகிறவர்கள் இந்த நேரக்கணக்கை மட்டுமாவது பிடித்துக்கொள்ளுங்கள்.

மே மாதத்தில் அந்தக் கரைக்கு ஒரு விசேஷம் உண்டு. பிள்ளைகளுக்கு லீவு விடும் அதே சமயத்தில் கடலுக்கும் லீவு விட்டிருப்பார்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள், கிழக்குக் கரை முழுக்க விசைப்படகுகள் கடலுக்குள் போகக்கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்காக விடும் தடைக்காலம் அது. முன்பு 45 நாளாக இருந்தது. நாட்டுப்படகுகளுக்குத் தடையில்லை, அவை போய் வந்துகொண்டிருக்கும். மற்ற மாதங்களில் விசைப்படகுக்காரர்களோடு நின்று பேச முடியாது. கடலில் இருப்பார்கள், இல்லையென்றால் இரவெல்லாம் விழித்த அசதியில் தூங்கிக்கொண்டிருப்பார்கள். தடைக்காலத்தில் படகும் ஆளும் கரையில் இருப்பதால், ஒரு குழந்தை கேட்கும் கேள்விக்கு உட்கார்ந்து பதில் சொல்ல அந்தக் கரையில் ஆள் இருக்கிறது. நான் மே மாதத்தைத் தேர்ந்தெடுத்ததே அதற்காகத்தான்.

முதல் நாள் காலை மண்டபம் கரைக்குப் போனோம். விசைப்படகுகளை மேலே ஏற்றி, இருபுறமும் முட்டுக் கொடுத்து நிறுத்தியிருந்தார்கள். தண்ணீரில் மிதக்கும்போது படகின் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். மீதிப் பாதியையும் பார்த்த சின்னவன், "போட்டுக்கு இவ்வளவு பெரிய வயிறா சித்தி?" என்றான். அடியில் நீளமாக ஓடும் ஏராக்கட்டையையும், அதிலிருந்து விலா எலும்புபோல் இருபுறமும் எழும்பும் வங்குகளையும் ஒரு தச்சர் தொட்டுத் தொட்டுக் காட்டினார். பலகைக்கும் பலகைக்கும் இடையிலுள்ள சந்தில் பஞ்சுத்திரியை வைத்து உளியால் தட்டித் தட்டி இறக்கினார். கலப்பத்து அடிப்பது என்று இதற்குப் பெயர். கரையில் நாற்பது ஐம்பது படகுகளிலிருந்து அந்த 'டொக் டொக்' ஒலி சேர்ந்து வருகிறது. மே மாதத்துக்கென்றே உள்ள சத்தம் அது.

சற்றுத் தள்ளி, பூவரசு நிழலில் ஒரு பெரியவர் வலை பொத்திக்கொண்டிருந்தார். மூத்தவள் அவர் பக்கத்தில் போய் நின்றாள். கிழிசல் கை அகலம்தான் இருக்கும். அவர் சின்னக் கத்தியை எடுத்து அதைச் சுற்றி இன்னும் வெட்டினார்.

"தாத்தா, ஓட்டையை ஏன் பெருசாக்குறீங்க?"

"பிஞ்ச கண்ணியில முடிச்சு நிக்காது ஆத்தா. நைஞ்சதையெல்லாம் வெட்டிப் போட்டு, நல்ல கண்ணி எங்க இருக்கோ அங்கருந்து ஆரம்பிக்கணும்."

நூல் சுற்றிய தட்டை ஊசியை மேல் கண்ணிக்குள் விட்டு, கீழே இழுத்து, இரண்டு விரலை அளவாக வைத்து, சுற்றி ஒரு முடிச்சு. அடுத்த கண்ணி, அடுத்த முடிச்சு. ஊசியை அவளிடம் கொடுத்தார். அவள் போட்ட முதல் ஏழெட்டு முடிச்சுகள் இழுத்ததும் வழுக்கி ஓடின. அவர் அவிழ்க்கவுமில்லை, திட்டவுமில்லை. "கட்டைவிரலால நூலை அமுக்கிப் பிடி, அப்புறம் சுத்து" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். ஒன்பதாவதோ பத்தாவதோ நின்றது. வெயில் ஏறும்வரை அவள் அந்த இடத்தைவிட்டு எழவில்லை. கிளம்பும்போது ஒரு பழைய ஊசியை நூலோடு அவள் கையில் வைத்து மூடினார். காசு கொடுக்கப் போன என்னை, "பிள்ளைக்குக் குடுத்ததுக்குப் போயி, என்ன தாயி" என்று தடுத்துவிட்டார்.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்த லீவு அவர்களுக்கு ஓய்வு அல்ல. தடைக்கால நிவாரணமாக அரசு ஒரு குடும்பத்துக்கு 8,000 ரூபாய் தருகிறது. இரண்டு மாதத்துக்கு அது எவ்வளவு தூரம் வரும் என்று கணக்குப் போட வேண்டியதில்லை. மேற்குக் கரையில் தடை ஜூனில்தான் தொடங்கும் என்பதால் பலர் கூலிக்குக் கேரளப் பக்கம் போய்விடுகிறார்கள். ஆகவே வேலை நடக்கும் இடத்துக்குப் பிள்ளைகளைக் கூட்டிப்போனால் முதலில் அனுமதி கேளுங்கள். போட்டோ எடுப்பதற்கு முன் பேசுங்கள். கருவாடோ நண்டோ அங்கேயே விலை கொடுத்து வாங்குங்கள். பேரம் வேண்டாம்.

குளிப்பதற்கு எந்தப் பக்கம் போவது என்பது அடுத்த விஷயம். ராமேஸ்வரம் தீவுக்கு இரண்டு கடல். வடக்கே பாக் நீரிணைப் பக்கம் இருப்பதைப் பெண் கடல் என்பார்கள், தெற்கே மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். காற்று மாறினால் குணமும் மாறும். மே தொடங்கி தென்மேற்குக் காற்றுக் காலம் முழுக்கத் தென்கடல் கொந்தளித்துக் கிடக்கும், வடகடல் குளம் மாதிரி அமைதியாக இருக்கும். வடகிழக்குப் பருவமழை வந்தால் எல்லாம் தலைகீழ். அதனால் கோடை லீவில் பிள்ளைகளைத் தண்ணீரில் இறக்க வடக்குக் கரைதான் சரி. நாங்கள் உச்சிப்புளியிலிருந்து உள்ளே திரும்பி அரியமான் போனோம். சவுக்குத் தோப்பு நிழல், ஆழமில்லாத தண்ணீர். சின்னவனின் இடுப்புக்கு மேல் தண்ணீர் ஏறாத இடமாகப் பார்த்து, நானும் கூடவே நின்றேன். கரையில் உட்கார்ந்துகொண்டு போனைப் பார்த்தபடி பிள்ளையைக் கடலில் விடுகிறவர்களைப் பார்க்கும்போது எனக்கு வயிறு பதறுகிறது. அமைதியான கடலிலும் குழி உண்டு, நீரோட்டம் உண்டு. இறங்குவதற்கு முன் அங்கிருக்கும் மீனவர் ஒருவரிடம், "இன்னைக்குத் தண்ணி எப்படி இருக்கு?" என்று கேட்க அரை நிமிஷம் போதும். சொறி எனும் ஜெல்லி மீன் கிடக்கிறதா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள். கண்ணாடிக் குழம்பு மாதிரி மிதக்கும் அது பட்டால் தேய்க்கக்கூடாது, நல்ல தண்ணீர் ஊற்றக்கூடாது. கடல்நீராலேயே கழுவிவிட்டு மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் விடியலில் தனுஷ்கோடி. 2017-இல் அரிச்சல்முனை வரை சாலை போட்ட பிறகு எல்லோரும் நேரே முனைக்குப் போய்ப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். நாங்கள் வழியிலேயே இறங்கிவிட்டோம். வடகடல் பக்கம் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். கடலுக்குள் அரைவட்டமாக வலையை வளைத்துப் போட்டு, இரு முனைக் கயிறுகளையும் கரையிலிருந்து இரண்டு குழுவாக இழுப்பது கரைவலை. ஆணும் பெண்ணுமாக இருபது பேர் இருப்பார்கள். "பிள்ளைகளும் பிடிக்கட்டுமா?" என்று கேட்டதும் கயிற்றின் கடைசியில் இடம் விட்டார்கள். ஒருவர் குரல் கொடுக்க மற்றவர்கள் பதில் கொடுக்க, அந்த அம்பாப் பாட்டின் தாளத்துக்கு எல்லாக் கால்களும் ஒன்றாகப் பின்னால் நகர்ந்தன. பாட்டு நின்றால் கயிறு கனக்கிறது என்பதைச் சின்னவனே கண்டுபிடித்தான். மடி கரைக்கு வந்து சேர ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. காரல், சாளை, கொஞ்சம் நெத்திலி, நடுவில் பந்துபோல் உப்பிக்கொண்டு ஒரு பேத்தை. அது உணவுக்கு ஆகாது, விஷம். ஒரு அக்கா அதைச் சிப்பி ஓட்டில் ஏந்தி, "போய் விட்டுட்டு வா தம்பி" என்று சின்னவனிடம் கொடுத்தார். தண்ணீரில் விட்டதும் காற்றை இறக்கிக்கொண்டு ஓடிய அந்த மீனைப் பற்றி அவன் இன்னும் பேசுகிறான்.

இடிந்த தேவாலயச் சுவரின் நிழலில் உட்கார்ந்து 1964-இன் கதையைச் சொன்னேன். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லலாமா என்று எனக்குத் தயக்கம் இருந்தது. அந்த மண்ணில் நின்றுகொண்டு சொல்லாமல் இருப்பதுதான் தவறு என்று பட்டது. இங்கே ரயில் நிலையம் இருந்தது. சென்னையிலிருந்து போட் மெயிலில் வந்து இறங்கி, கப்பல் ஏறித் தலைமன்னார் போய், அங்கிருந்து கொழும்புக்கு ரயில் பிடிப்பார்கள். அந்த டிசம்பர் 22 இரவு புயலடித்தது. பாம்பனிலிருந்து வந்த பாசஞ்சர் ரயிலைக் கடல் கொண்டுபோனது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டவர்களில் யாரும் மிஞ்சவில்லை. ஊர் மறுபடி எழவே இல்லை. மூத்தவள் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "பாலம் என்னாச்சு?" என்றாள்.

பாம்பன் பாலத்தையும் புயல் பிய்த்துப்போட்டது. பொறியாளர் ஸ்ரீதரன் தலைமையில் 46 நாளில் சரிசெய்தார்கள். அன்று மாலையே பாம்பன் கரைக்குப் போய், 1914-இல் திறந்த அந்தப் பழைய பாலத்தையும் 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தையும் பக்கம்பக்கமாகப் பார்த்தோம். பழையதில் முன்பு கப்பலுக்கு வழிவிட நடுப்பகுதி இரண்டு கைகளாகப் பிரிந்து மேலே எழும்பியது. ஆட்கள் கம்பியைப் பிடித்துச் சுற்றித்தான் திறந்தார்கள். புதியதில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு முழுசாக லிஃப்ட் மாதிரி 17 மீட்டர் மேலே போகிறது. சாலைப் பாலத்தின் மேல் வண்டியை நிறுத்தி எட்டிப் பார்ப்பது ஆபத்து. கீழே கரையிலிருந்து பாருங்கள், ரயில் தண்ணீர்மேல் ஓடுவதுபோல் தெரியும்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் இருக்கிறது. போகும் வழியில் பிள்ளைகளுக்கு ஒரு கதை சொல்லுங்கள். உலகப் போர்க் காலத்தில் ராமேஸ்வரத்தில் ரயில் நிற்காது. ஓடும் ரயிலிலிருந்து வீசும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடிக்கும் வேலைதான் சிறுவன் கலாமின் முதல் சம்பாத்தியம். அதைக் கேட்ட பிறகு அந்த இடத்தைப் பிள்ளைகள் வேறு மாதிரி பார்க்கிறார்கள். மன்னார் வளைகுடாவில் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. தனியார் படகில் ரகசியமாகக் கூட்டிப்போகிறோம் என்பவர்களை நம்பாதீர்கள். குந்துகாலிலிருந்து வனத்துறையே குருசடைத் தீவுக்குப் படகு விடுகிறது. காற்றுக் காலத்தில் நிறுத்திவிடுவார்கள், விசாரித்துவிட்டுப் போங்கள். பவளத்துண்டு, கடல்குதிரை, காய்ந்த கடலட்டை என்று யார் விற்றாலும் வாங்கக் கூடாது. அவை சட்டப்படி பாதுகாக்கப்பட்டவை.

தொண்டி போகும் வழியில் காரங்காடு இருக்கிறது. வனத்துறையும் ஊர்க்காரர்களும் சேர்ந்து அலையாத்திக் காட்டுக்குள் படகு விடுகிறார்கள். சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக மேலே நீட்டிக்கொண்டிருக்கும் வேர்களைப் பார்த்து, மரம் எதற்கு வேரை மேலே விடுகிறது என்று மூத்தவள் கேட்டாள். உப்புச் சேற்றுக்குள் காற்று இல்லை, அதனால் மூச்சு விட வேர் வெளியே வருகிறது என்றார் படகோட்டி. அடுத்த அரை மணி நேரம் இருவரும் வாயைப் பொத்தி மூச்சடக்கிப் போட்டி போட்டார்கள்.

காசே செலவில்லாத விளையாட்டு திரும்பும் வழியில் கிடைத்தது. ராமநாதபுரம் பனங்காட்டு மாவட்டம், மே மாதம் நுங்குக் காலம். உச்சிப்புளி அருகே சாலையோரத்தில் நுங்கு சீவிக்கொண்டிருந்தவரிடம் ஆளுக்கு நான்கு தின்றோம். தின்று முடித்த காய்களில் உருண்டையான இரண்டை அவரே பொறுக்கி எடுத்தார். ஒரு கம்பை முழ நீளத்துக்கு வெட்டி, இரு முனையும் கூராக்கி, காய்களின் நடுவில் குத்தினார். கவட்டைக் கம்பு ஒன்றை அச்சின் நடுவே பொருத்தி, "ஓட்டு தம்பி" என்றார். நான் சிறுமியாக இருந்தபோது ஓட்டிய அதே வண்டி. என் அப்பாவும் ஓட்டியிருப்பார். வீட்டில் ரிமோட் கார் மூன்று வைத்திருக்கும் பிள்ளை, அந்த நுங்கு வண்டியை ரயிலில் ஏற்றாமல் வரமாட்டேன் என்று அழுதான். பைக்குக் கீழே வைத்துக் கொண்டுவந்தோம்.

கிளம்பிய அன்று காலை மறுபடி மண்டபம் கரைக்குப் போயிருந்தோம். முதல் நாள் பார்த்த படகுக்குப் பாதி வரை நீலம் அடித்திருந்தார்கள். இது எப்போது கடலில் இறங்கும் என்று மூத்தவள் பெரியவரிடம் கேட்டாள். ஜூன் 15 என்றதும் விரல் விட்டு எண்ணினாள்.

"அப்ப எங்க ஸ்கூல்தான் முதல்ல திறக்குது தாத்தா."

"நீ முன்னாடி போ ஆத்தா. நாங்க பின்னாடி வாரோம்" என்றார்.

ஜூன் 15 காலை ஆறு மணிக்கு என் போன் அடித்தது. அவள்தான். "சித்தி, நீல போட்டு போயிருக்கும்ல?" என்றாள். இரவெல்லாம் ஐஸும் டீசலும் ஏற்றிக்கொண்டு காத்திருந்து முதல் ஆளாகப் போயிருக்கும் என்று சொன்னேன். வீட்டு ஜன்னல் கம்பியில் அந்த ஊசியால் இரண்டு ஜாண் வலை கட்டி முடித்திருப்பதாகச் சொல்லிவிட்டு வைத்தாள்.

அடுத்த வாரம் வடக்கே மனோரா பக்கம், ஆவுளியா எனும் கடல்பசுவைத் தேடி.

(தொடரும்)