மண் ஈரமாக இருந்தும் பயிர் வாடுவது ஏன்?

சத்துவாச்சாரி, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றை ஒட்டி நிலம் வைத்திருக்கும் பலருக்கும் இது பழகிப்போன காட்சி. காலையில்தான் தண்ணீர் பாய்ச்சியிருப்பீர்கள். மண் ஈரமாகவே இருக்கும். மதியம் பார்த்தால் பயிர் தலை தொங்கி நிற்கும், இலை ஓரம் கருகும். சத்து போதவில்லை என்று யூரியா போட்டால் நிலைமை இன்னும் மோசமாகும். யூரியா போடும் முன் வேரின் செல்லுக்குள் நடப்பதைத் தெரிந்துகொள்வது நல்லது.

செடியின் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே ஒரு சுவர், அதை உள்பக்கமாக ஒட்டி ஒரு சவ்வு. சுவர் செல்லுலோஸ் இழைகளால் ஆனது. பருத்திப் பஞ்சு கிட்டத்தட்ட முழுக்க இதே பொருள்தான். இழைகளுக்கு நடுவே பெக்டின் என்ற பசை இருக்கிறது. அந்தப் பசையை இறுக்கிப் பிடிப்பது கால்சியம் என்ற சுண்ணாம்புச் சத்து. சுவர் செடியை நிமிர்த்தி நிறுத்தும்; ஆனால் தண்ணீரையும் உப்பையும் தடுக்காது. வேலி போட்ட தோட்டத்துக்குள் காற்று போவது போல இரண்டும் உள்ளே போய்விடும்.

எதை உள்ளே விடுவது என்று தீர்மானிப்பது சவ்வுதான். அது கொழுப்பால் ஆன இரட்டை அடுக்கு. கனம் ஒரு மில்லிமீட்டரில் லட்சத்தில் ஒரு பங்குகூட இல்லை. அதில் புரத வாசல்கள் உண்டு. தண்ணீருக்கு ஒன்று, பொட்டாசியத்துக்கு ஒன்று என்று தனித்தனி. வீட்டிலேயே பார்க்கலாம். பீட்ரூட்டை நறுக்கிக் கழுவி, பாதியைப் பச்சைத் தண்ணீரிலும் மீதியைக் கொதிநீரிலும் போடுங்கள். கொதிநீர்தான் சிவக்கும். சூட்டில் சவ்வு கிழிந்து சாயம் கசிந்துவிட்டது.

இனி உப்புக்கு வருவோம். பச்சைத் தோல் அழுகாமல் இருக்க உப்பு போடுவதை நம் ஊரில் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். உப்பு தோலிலும் கிருமியிலும் உள்ள நீரை உறிஞ்சி வெளியே இழுப்பதால் கிருமி பெருக முடிவதில்லை. அதே உப்பு தோலை ஊறவைத்துக் கழுவும்போது கழிவுநீரில் இறங்குகிறது. பாலாற்றுப் படுகையின் தோல் கழிவு குறித்து உச்ச நீதிமன்றம் 1996 ஆகஸ்ட் 28-இல் தீர்ப்புச் சொன்னது. ஆனால் மண்ணிலும் கிணற்றிலும் இறங்கிய உப்பு அவ்வளவு சீக்கிரம் போகாது. அந்த நீரைப் பாய்ச்சினால், தோல் கிருமிக்கு நடப்பதே வேருக்கும் நடக்கிறது. வெளியே உப்பு கூடுதலாக இருப்பதால் தண்ணீர் சவ்வைத் தாண்டி உள்ளே வரத் திணறும். யூரியாவும் மண்நீரில் கரைந்து அந்தச் சுமையைக் கூட்டும்.

இரண்டாவது சேதம் சோடியத்தால் வருகிறது. அது சுவரிலும் சவ்விலும் கால்சியம் இருந்த இடத்தைப் பிடித்துக்கொள்ளும். சவ்வு தளர்ந்து, செல்லுக்குள் இருக்க வேண்டிய பொட்டாசியம் வெளியே கசியும். களர் நிலத்துக்கு ஜிப்சம் போடச் சொல்வது இதனால்தான். மண்ணில் ஒட்டிய சோடியத்தை ஜிப்சத்தில் உள்ள கால்சியம் பெயர்த்துவிடும். வேருக்கும் கால்சியம் கிடைக்கும். ஆனால் பெயர்ந்த சோடியம் வெளியேற வடிகால் வேண்டும். வடிகால் இல்லாத வயலில் ஜிப்சம் கொட்டுவது என் பார்வையில் பண விரயம். வெறும் உவர் நிலம் என்றால் ஜிப்சத்தைவிட மழைநீரைத் தேக்கி வடிப்பதே மேல்.

எனவே முதலில் தண்ணீரைப் பரிசோதியுங்கள். மோட்டாரைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, அதே நீரில் பாட்டிலைக் கழுவி, ஒரு லிட்டர் பிடியுங்கள். எங்கே கொடுப்பது என்று விரிஞ்சிபுரம் வேளாண் அறிவியல் நிலையத்தில் கேளுங்கள். பாசன நீரின் மின்கடத்துத்திறன் 0.7-க்குக் கீழ் இருந்தால் கவலையில்லை, 3-க்கு மேல் என்றால் ஆபத்து. மண்ணின் அளவு தனி. பீன்ஸ் 1-லேயே விளைச்சல் குறையும். கரும்பு 1.7, நெல் 3, நிலக்கடலை 3.2, பருத்தி 7.7 வரை தாங்கும். களர் நிலத்தில் நெல்தான் என்றால் திருச்சியில் உருவான டி.ஆர்.ஒய். 3 ரகத்தைக் கேட்டுப் பாருங்கள்.

நிலக்கடலைக்காரர்களுக்கு இன்னொன்று. காய் தனக்கான கால்சியத்தை வேர் வழியாகப் பெறுவதில்லை, மண்ணிலிருந்து நேராக உறிஞ்சுகிறது. அதனால் விதைத்த 40 முதல் 45 நாளில், மண் அணைக்கும்போது, காய் இறங்கும் இடத்திலேயே ஜிப்சம் போடுங்கள். விட்டால் ஓடு இருக்கும், உள்ளே பருப்பு இருக்காது.