முழுத்திரைக்குப் போகும் அந்தக் கால் விநாடி

கணினியில் ஒரு காணொளியை முழுத்திரையில் பார்க்க ஒரு நாளில் எத்தனை முறை பொத்தானை அழுத்துகிறோம்? சிறிய சாளரம் விரிந்து திரையை நிரப்புகிறது. எஸ்கேப் பொத்தானைத் தட்டினால் சுருங்கிப் பழைய இடத்துக்கே திரும்புகிறது. இந்த அசைவு வெறும் அலங்காரம் என்றே பலர் நினைக்கிறார்கள். கணினித்துறை மாணவியான எனக்கு அப்படித் தோன்றவில்லை. "முன்பு இருந்தது எங்கே போனது?" என்று பயனர் மனத்துக்குள் எழும் கேள்விக்கு அந்த அசைவுதான் பதில்.

பாட்டி கேட்ட கேள்வி

கேமரன் மலையின் கோலா தெர்லாவில் எங்கள் வீடு. பாட்டி பல ஆண்டுகள் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறித்தவர். கடந்த பருவ விடுமுறையில் குடும்பத்தின் பழைய புகைப்படங்களை ஸ்கேன் செய்து, அவற்றைப் பார்க்க ஒரு சிறு செயலியை எழுதத் தொடங்கினேன். பைதான் மொழியும் 'கியூட்' என்ற இலவசக் கருவித்தொகுப்பும் போதுமானவையாக இருந்தன.

வீட்டில் இருப்பது விண்டோஸ் மடிக்கணினி. அதில் கியூட்டின் முழுத்திரைக் கட்டளை, நடுவில் எந்த அசைவும் இல்லாமல் சட்டெனத் திரையை மாற்றிவிடும். பாட்டி தம் கல்யாணப் படத்தைத் தொட்டதும் அது திரை முழுவதும் வந்து நின்றது. அவர் கையை இழுத்துக்கொண்டார். "மத்த படமெல்லாம் எங்கம்மா போச்சு? அழிஞ்சிருச்சா?" என்று கேட்டார்.

மற்ற படங்கள் பின்னால் பத்திரமாக இருப்பது நமக்குத் தெரியும். கணினியை முதன்முதலாகத் தொடுகிறவருக்கு அது எப்படித் தெரியும்? அதனால், படம் தானிருக்கும் இடத்திலிருந்தே வளர்ந்து, மூடும்போது அதே இடத்துக்குச் சுருங்கும்படி அமைத்தேன். பாட்டி இரண்டு முறை திறந்து மூடிப் பார்த்தார். மூன்றாவது முறை என்னைக் கூப்பிடவில்லை.

கார்ட்டூன் தந்த பாடம்

இது புதிய சிந்தனை அல்ல. தொடக்கக் கால மேக்கின்டாஷ் கணினிகளிலேயே ஒரு கோப்புறையைத் திறந்தால், அதன் சின்னத்திலிருந்து கோட்டுச் சதுரங்கள் விரிந்து சாளரமாகும். டிஸ்னி ஓவியர்களான ஃபிராங்க் தாமஸும் ஆலி ஜான்ஸ்டனும் 1981இல் வெளியிட்ட நூலில் அசைவூட்டத்தின் 12 கொள்கைகளைத் தொகுத்தார்கள். அவற்றைப் போன்ற கார்ட்டூன் உத்திகளைக் கணினித் திரைக்குக் கொண்டுவருவது பற்றி பே-வெய் சாங், டேவிட் அங்கர் இருவரும் 1993இல் ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார்கள்.

அக்கொள்கைகளில் ஒன்று, மெதுவாகத் தொடங்கி மெதுவாக முடிவது. நிறுத்தத்திலிருந்து கிளம்பும் பேருந்து படிப்படியாக வேகமெடுத்து, அடுத்த நிறுத்தம் நெருங்கும்போது வேகம் தணிவதைப் போல. ஒரே வேகத்தில் ஓடிச் சட்டென நிற்கும் அசைவு இயந்திரத்தனமாகத் தெரியும்.

2011இல் வந்த ஆப்பிளின் 'லயன்' இயங்குதளம் முழுத்திரை வசதியை அசைவூட்டத்துடன் எல்லாச் செயலிகளுக்கும் திறந்துவிட்டது. அதில் செயலியை எழுதுபவர், "இந்தச் சாளரத்தை நானே அசைக்கிறேன்" என்று இயங்குதளத்திடம் சொல்லலாம். இயங்குதளம் ஒரு கால அளவைக் கொடுக்கும். அதற்குள் நம் அசைவை முடிக்க வேண்டும். முழுத்திரையிலிருந்து வெளியேறும்போதும் இதே முறைதான்.

எப்படிச் செய்வது?

கியூட்டில் இதற்கென ஒரு வகுப்பு உண்டு. தொடக்க அளவு, முடிவு அளவு, கால அளவு, வேக வளைவு ஆகிய நான்கையும் கொடுத்தால் இடைப்பட்ட அளவுகளை அதுவே கணக்கிடும்.

கால அளவு எவ்வளவு? 0.1 விநாடிக்குள் நடப்பது உடனடியாக நடந்ததாகத் தோன்றும் என்றும், 1 விநாடியைத் தாண்டினால் எண்ண ஓட்டம் தடைபடும் என்றும் ஜேக்கப் நீல்சன் 1993இல் எழுதினார். நான் இடையில் 0.25 விநாடியைத் தேர்ந்தெடுத்தேன். விநாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் திரையில் அது 15 சட்டகங்கள். ஒவ்வொன்றையும் வரைய ஏறக்குறைய 16.7 மில்லிவிநாடிதான் கிடைக்கும்.

இங்கேதான் பழைய மடிக்கணினி திணறும். சாளரத்தையே பெரிதாக்கினால் அதிலுள்ள எல்லாவற்றையும் ஒவ்வொரு சட்டகத்திலும் மீண்டும் அடுக்க வேண்டும். படத்தின் கீழே தமிழ் வரிகள் இருந்தால், அகலம் மாற மாற வரிகள் வேறு வேறு இடத்தில் உடைந்து சொற்கள் குதிக்கும். இதற்கு ஒரு வழி உண்டு. சாளரத்தின் தோற்றத்தை முதலில் ஒரு படமாக எடுத்துக்கொள்ளுங்கள். அந்தப் படத்தை மட்டும் பெரிதாக்குங்கள். அசைவு முடிந்ததும் உண்மையான முழுத்திரைச் சாளரத்தைக் காட்டுங்கள். பாதியில் எஸ்கேப்பைத் தட்டினால், அசைவு அந்த இடத்திலிருந்தே திரும்ப வேண்டும். பயனரைக் காக்க வைக்கக் கூடாது.

தலைசுற்றலையும் நினையுங்கள்

தாப்பாவிலிருந்து மலையேறும் வளைவுகளில் கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே வந்தால் பலருக்குக் குமட்டும். உட்காது உடல் அசைவதாகச் சொல்கிறது, கண்ணோ அசையாத திரையைப் பார்க்கிறது. இரண்டும் முரண்படுவதே காரணம். முழுத்திரை அசைவில் இது தலைகீழாக நடக்கும். உடல் அசையாதிருக்க, கண்ணுக்கு முன் எல்லாம் பாய்ந்து வரும். 2013இல் ஐஓஎஸ் 7 வெளிவந்தபோது, அதன் பெரிதாகும் அசைவுகளால் தலைசுற்றுகிறது என்று பயனர்கள் பலர் முறையிட்டார்கள்.

அதனால்தான் இன்று இயங்குதளங்களில் அசைவைக் குறைக்கும் அமைப்பு இருக்கிறது. விண்டோஸ் 11இல் செட்டிங்ஸ், எக்சசிபிலிட்டி, விஷுவல் எஃபெக்ட்ஸ் என்று சென்றால் எனிமேஷன் எஃபெக்ட்ஸை அணைக்கலாம். பயனர் அதை அணைத்திருக்கிறாரா என்பதை நம் நிரலும் படித்தறிய முடியும். அணைத்திருந்தால், பாய்ந்து வரும் அசைவுக்குப் பதில் மெல்ல மங்கித் தெளியும் மாற்றத்தைக் கொடுங்கள். ஒருவருக்கு வழிகாட்டும் அசைவு இன்னொருவருக்கு வேதனையாகலாம். தேர்வு அவர் கையில் இருக்கட்டும்.

மாணவ நண்பர்களே, நிரலாக்கம் கற்கத் தொடங்கியிருந்தால் அடுத்த விடுமுறையில் இதை முயன்று பாருங்கள். ஒரு சாளரம், ஒரு படம், ஒரு பொத்தான் போதும். கால அளவை 0.1, 0.25, 1 விநாடி என்று மாற்றி வைத்து, கணினி பழகாத ஒருவரிடம் கொடுங்கள். எதுவும் விளக்காதீர்கள். அவர் கை எங்கே தயங்குகிறது என்று மட்டும் கவனியுங்கள். உங்கள் செயலியில் அடுத்துத் திருத்த வேண்டிய இடம் அதுதான்.