மாணாக்கர் மனநலமும் அன்றாடப் பழக்கங்களும்

கோலார் தங்கவயலில் மாரிக்குப்பத்தில் தொடங்கி, சாம்பியன், உரிகம், கோரமண்டல் வழியாக வரும் கிளை இருப்புப்பாதை, பங்காருபேட்டைச் சந்திப்பில் சென்னை–பெங்களூர்ப் பாதையுடன் சேர்கிறது. 1880ஆம் ஆண்டு முதல் ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டுகள் பொன் எடுக்கப்பட்டுவந்த சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் மூடப்பட்டன. அதன்பின், அவ்வட்டாரத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றிற்குப் பெங்களூரே பிழைப்பிடமாயிற்று. வைகறை வண்டியில் புறப்படும் பெற்றோர் இரவு வண்டியில் திரும்புகின்றனர். இத்தகைய இல்லத்துப் பிள்ளையின் முகவாட்டத்தை முதலில் கண்டறியக்கூடியவர் யார்? பெரும்பாலும் பள்ளி ஆசிரியரும், வீடுதோறும் செல்லும் களப்பணியாளருமே ஆவர். ஆதலின் மனநலம் பேணும் எளிய பழக்கங்களை இவ்விரு சாராரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது.

நலம் என்பது நோயின்மை மட்டுமன்று. உடல், மனம், சமூக வாழ்வு ஆகிய மூன்றிலும் நன்னிலையில் இருத்தலே நலம் என்பது, 1948இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் அமைப்பு விதி தரும் விளக்கம். பத்து முதல் பத்தொன்பது வயதுவரை உள்ளோரில் ஏழில் ஒருவருக்கு ஏதேனும் ஒரு மனநலக் கோளாறு இருப்பதாக அந்நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஆகவே இது அரிதாக நேரும் செய்தியன்று. ஒவ்வொரு வகுப்பறையையும் சார்ந்தது.

உறக்கம்

ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை நாளொன்றுக்கு 9 முதல் 12 மணி நேரமும், பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை 8 முதல் 10 மணி நேரமும் உறக்கம் தேவை. பகலில் கற்றவை மூளையில் நிலைபெறுவதற்கு உறக்கம் துணைசெய்கிறது. உறக்கம் குன்றினால் கவனம் சிதறும்; சிறு காரணத்திற்கும் சினமும் அழுகையும் எழும். பருவமெய்தும் வயதில், உறக்கத்தைத் தூண்டும் மெலடோனின் என்னும் சுரப்பு இரவில் சற்றுப் பிந்தியே சுரக்கத் தொடங்குகிறது. எனவே வளரிளம் பிள்ளை நேரங்கழித்து உறங்குவதைச் சோம்பல் என்று கடிதல் பொருந்தாது.

தந்தையைக் காண வேண்டி இரவில் விழித்திருந்து, தாய் சமைக்க எழும்போதே தானும் எழும் பிள்ளைக்கு உறக்கம் இருபுறமும் குறைகிறது. அச்சந்திப்பைத் தடுப்பது முறையன்று. அது பிள்ளையின் மனத்திற்கு உரம் தருவது. எழும் நேரத்தை நிலையாக வைத்துக்கொள்ளுதல், பள்ளி விட்டபின் அரைமணிக்கு மேற்படாத சிறுதுயில், படுக்குமுன் ஒரு மணி நேரம் கைபேசியை விலக்கிவைத்தல் ஆகியவற்றைப் பெற்றோருக்கு எடுத்துரைக்கலாம்.

படிப்பும் இடைவெளியும்

ஜெர்மானிய அறிஞர் எபிங்காஸ், நினைவையும் மறதியையும் குறித்துத் தாமே தம்மீது நடத்திய சோதனைகளை 1885இல் வெளியிட்டார். ஒரே மூச்சில் கற்பதைவிட, இடைவெளிவிட்டுப் பலமுறை கற்பதே நினைவில் நெடிது நிற்கும் என்பதை அவையும், பின்னர் நிகழ்ந்த ஆய்வுகளும் காட்டின. தேர்வுக்கு முந்திய இரவு இரண்டு மணி நேரம் படிப்பதைக் காட்டிலும், நான்கு நாள் அரைமணி வீதம் படிப்பது மேல். ஆசிரியர் நாள்தோறும் வகுப்பின் முதல் ஐந்து நிமிடங்களில், முந்தைய பாடத்தை நூலைப் பாராது கூறச்செய்யலாம். தான் அறிந்தது இது, அறியாதது இது என்று முன்னரே தெளிந்த மாணாக்கனுக்குத் தேர்வச்சம் தணியும்.

விளையாட்டு

ஐந்து முதல் பதினேழு வயதுவரை உள்ளோர்க்குச் சராசரியாக நாளொன்றுக்கு 60 நிமிட உடலியக்கம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. ஓடியாடுதல் மனச்சோர்வையும் பதற்றத்தையும் குறைக்கும்; இரவில் நல்லுறக்கம் தரும். எனவே விளையாட்டு வகுப்பைக் கணிதத்திற்கு எடுத்துக்கொள்வது ஆதாயமன்று. தங்கவயலில் ஒன்றை நினைவிற்கொள்ள வேண்டும். சுரங்கக் கழிவாகக் குவிந்துள்ள சயனைடு மண்மேடுகளும் அவற்றின் புழுதி படியும் இடங்களும் விளையாடத் தக்கவையல்ல.

உரையாடல்

மனக்கவலையைச் சிறுவர்கள் பெரும்பாலும் அப்பெயரால் கூறுவதில்லை. தலைவலி என்றும் வயிற்றுவலி என்றுமே கூறுவர். அடிக்கடி இவ்வாறு கூறும் பிள்ளையை மருத்துவரிடம் காட்டுவதோடு, வீட்டு நிலையையும் பரிவுடன் உசாவுதல் வேண்டும். வீட்டில் தமிழும், பள்ளியில் கன்னடமோ ஆங்கிலமோ வழங்கும் இவ்வட்டாரத்தில், பிள்ளை தன் துயரைத் தன் வீட்டுமொழியிலேயே கூற இடமளிப்பது நன்று. கேட்பவர் இடைமறித்தலும், பிறரோடு ஒப்பிடுதலும், வகுப்பார் முன்னிலையில் விசாரித்தலும் கூடாது.

உதவி நாடவேண்டிய நிலை

உறக்கமின்மை, விளையாட்டில் வெறுப்பு, தனித்தொதுங்குதல், படிப்பில் திடீர்ச் சரிவு, காரணமின்றிப் பள்ளிக்கு வாராமை ஆகியவை இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால், பழக்கங்களை மட்டும் நம்பியிருத்தலாகாது. இறக்க விரும்புவதாகப் பிள்ளை கூறினால் ஒரு நாளும் காத்திருத்தல் தகாது. அவ்வெண்ணம் உண்டா என்று நேரடியாகக் கேட்பது அதை மனத்தில் விதைத்துவிடும் என்று அஞ்ச வேண்டுவதில்லை. கேட்பதால் தீங்கு நேர்வதில்லை என ஆய்வுகள் காட்டியுள்ளன. பிள்ளையைத் தனியே விடாது, குடும்பத்தார்க்கும் மருத்துவர்க்கும் உடனே அறிவித்தல் வேண்டும். இதை எவரிடமும் கூறுவதில்லை என்று பிள்ளைக்கு வாக்களித்தலும் ஆகாது.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் மத்திய அரசு தொடங்கிய டெலி–மானஸ் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம். தமிழிலும் கன்னடத்திலும் பேசலாம். பெங்களூரிலுள்ள தேசிய மனநல, நரம்பியல் அறிவியல் நிறுவனம் 1980ஆம் ஆண்டுகளில் பெல்லாரி மாவட்டத்தில் ஒரு முயற்சியை மேற்கொண்டது. ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவர்க்கும் பணியாளர்க்கும் பயிற்சியளித்தால், மனநலச் சிகிச்சையைக் கிராமம்வரை கொண்டுசெல்ல இயலும் என்பதை அது காட்டிற்று. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டத்திற்கு அதுவே முன்மாதிரி. நோயை இன்னதென்று வரையறுப்பது மருத்துவர் பணி. வேறுபாட்டைக் கண்டு உரிய இடத்திற்கு வழிகாட்டுவது களப்பணியாளரும் ஆசிரியரும் செய்யக்கூடிய பணி.

இப்பழக்கங்கள் வறுமையை நீக்குவனவல்ல. இரவு வண்டியை முன்னதாக வரச்செய்வனவுமல்ல. ஆதலின் இவற்றைக் கடைப்பிடிக்க இயலாத பிள்ளையையோ பெற்றோரையோ குறைகூறுதல் தவறாகும். ஆசிரியரும் தம் உறக்கத்தையும் ஓய்வையும் பேணுதல் வேண்டும். களைத்த மனத்தால் பிறர் துயரைப் பொறுமையுடன் கேட்டல் அரிது. அனைத்தையும் ஒருங்கே தொடங்க வேண்டுவதில்லை. காலையில் வருகைப் பதிவின்போது ஒவ்வொரு பிள்ளையின் முகத்தையும் நோக்கிப் பெயர்சொல்லி அழைப்பதும், வாடிய முகத்தைக் கண்டால் இடைவேளையில் தனியே அழைத்து, “இரவு உறங்கினாயா, காலையில் உண்டாயா?” என்று கேட்பதும் செலவின்றிச் செய்யத்தக்க தொடக்கமாகும்.