ஆம்புலன்ஸ் வந்த பிறகு

ஆம்புலன்ஸைப் பற்றிப் பேச்சு வந்தால் நாம் முதலில் கேட்பது, “எத்தனை நிமிடத்தில் வந்தது?” என்பதுதான். 2005ஆம் ஆண்டு ஆகஸ்டில் ஹைதராபாத்தில் 108 சேவை தொடங்கி, 2008இல் தமிழகத்துக்கும் வந்து, பின்னர் பல மாநிலங்களுக்குப் பரவிய காலம் முதல் அந்தக் கேள்வியே அளவுகோலாகிவிட்டது. நியாயமான கேள்விதான். ஆயினும் வண்டி வாசலில் நின்றது முதல், மருத்துவமனைப் படுக்கையில் நோயாளியை ஒப்படைக்கும் வரை உள்ளே நடப்பவற்றை நாம் கேட்பதில்லை. நானும் கேட்டதில்லை, என் தந்தைக்கு நேரும் வரை.

பணிமாற்றத்தில் நாங்கள் நாக்பூரில் இருந்தபோது, ஓர் இரவு அப்பா குளியலறையில் வழுக்கி விழுந்து தோள்பட்டையில் அடிபட்டார். தனியார் ஆம்புலன்ஸ் ஒன்று கால் மணி நேரத்துக்குள் வந்தது. இதய வால்வு மாற்றிக்கொண்டவர் என்பதால் அவர் இரத்தம் உறையாமலிருக்க ‘வார்ஃபரின்’ மாத்திரை உட்கொள்பவர். அதை மருத்துவ உதவியாளரிடம் சொன்னேன். அவரும் தம் படிவத்தில் குறித்துக்கொண்டார். மருத்துவமனையில் நான் முன்பணம் கட்ட வரிசையில் நின்றிருந்த வேளையில், அப்பாவுக்கு வலி தணிக்கும் ஊசியை இடுப்புத் தசையில் போட்டுவிட்டார்கள். இரத்தம் உறையாமலிருக்க மருந்து உட்கொள்பவருக்குத் தசையில் ஊசி போட்டால் உள்ளே இரத்தம் கசிந்து கட்டிவிடக்கூடும். விடிவதற்குள் தொடை வீங்கிக் கறுத்தது. இரண்டு நாளில் வீடு திரும்பியிருக்க வேண்டியவர் பதினொரு நாள் படுத்திருந்தார். இரத்தமும் ஏற்ற வேண்டியதாயிற்று.

பின்னர் விசாரித்ததில் தெரிந்தது இதுதான். உதவியாளர் வார்ஃபரினைப் பற்றி வாசலில் நின்ற ஒருவரிடம் வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறார். கேட்டவர் வேறொரு நோயாளியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். படிவம் வண்டியோடு திரும்பிவிட்டது. பணியிலிருந்த மருத்துவர் அப்பாவிடம் இந்தியில், “ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா?” என்று கேட்க, தமிழ் மட்டுமே தெரிந்த அப்பா என்ன கேட்டார்கள் என்று புரியாமல் இல்லையென்று கையசைத்திருக்கிறார். எவரும் பொய் சொல்லவில்லை, எவரும் சோம்பலாயிருக்கவில்லை. தகவல் மட்டும் கைமாறும் இடத்தில் விழுந்துபோயிற்று.

வங்கிக்காரனான எனக்கு இது விளங்க நாளாகவில்லை. பெட்டகச் சாவியை ஓர் அதிகாரி மற்றொருவரிடம் தரும்போது பதிவேட்டில் இருவரும் கையொப்பமிடுகிறோம். அது நம்பிக்கையின்மையால் அன்று. எந்தக் கணத்திலிருந்து யார் பொறுப்பு என்பதில் ஐயம் இருக்கக் கூடாது என்பதற்காக. நோயாளியைக் கைமாற்றுவதற்கும் இப்படி ஒரு முறையை மருத்துவ உலகம் வகுத்துள்ளது. நோயாளியின் வயது, சம்பவம் நடந்த நேரம், நடந்தது என்ன, கண்ட காயம் அல்லது நோய்க்குறி, நாடியும் இரத்த அழுத்தமும், வழியில் தந்த சிகிச்சை, வழக்கமான மருந்துகள், ஒவ்வாமை என ஒரே வரிசையில் உதவியாளர் சொல்ல வேண்டும். அந்த ஒரு நிமிடம், உயிர்காக்கும் வேலை தவிர, எவரும் நோயாளியைத் தொடாமல் கேட்க வேண்டும். கேட்டவர் முக்கியமானவற்றைத் திருப்பிச் சொல்ல வேண்டும். எழுத்துப் படியொன்று நோயாளியோடு தங்க வேண்டும். ஒரு நிமிட வேலை. எங்களுக்குப் பதினொரு நாள் மிச்சமாகியிருக்கும்.

மருந்துகளுக்கும் அதே கதை. அட்ரினலின் ஊசிமருந்துக் குப்பியில் வழக்கமாக 1 மில்லிகிராம் இருக்கும். கடும் ஒவ்வாமையால் மூச்சுத் திணறும் பெரியவருக்கு அதில் பாதி, அதாவது 0.5 மில்லிகிராம், தொடைத் தசையில் தரப்படும். இதயத் துடிப்பு நின்றவருக்கு முழு 1 மில்லிகிராமும் சிரையில் தரப்படும். ஒரே குப்பி; அளவும் வழியும் வேறு. துடிப்புள்ளவருக்கு முழு அளவையும் தவறிச் சிரையில் செலுத்தினால் இதயமே ஆபத்துக்குள்ளாகும். குலுங்கும் வண்டியில், அழும் உறவினர் நடுவே, குப்பியின் சிற்றெழுத்தைப் படிப்பவர் எவ்வளவு கெட்டிக்காரராயினும் மனிதர்தான். எங்கள் வங்கியில் பணப்பரிமாற்றத்தை ஒருவர் பதிந்தால் வேறொருவர் சரிபார்த்த பின்னரே அது செல்லும். ஆம்புலன்ஸில் அந்த இரண்டாமவர் யார்? ‘பைலட்’ எனப்படும் ஓட்டுநரின் கை திருப்பும் வளையத்தில் இருக்கிறது. எனவே கட்டுப்பாட்டு மையத்தின் மருத்துவரிடம் தொலைபேசியில் மருந்தின் பெயரையும் அளவையும் உரக்கச் சொல்லி, அவர் ஆமோதித்த பின் செலுத்துவது பாதுகாப்பு. ஒத்த தோற்றமுள்ள குப்பிகளைத் தனித்தனிப் பெட்டியில் வைப்பது இன்னும் மலிவான பாதுகாப்பு.

மலிவானது என்றதும் ஆக்சிஜன் நினைவுக்கு வருகிறது. வணிகவியல் படித்தவனுக்குக் கணக்கு விடாது, பொறுத்துக்கொள்ளுங்கள். வண்டிகளில் பரவலாகக் காணப்படும் ‘பி’ வகை உருளையில் முழுமையாக நிரம்பியிருந்தால் ஏறத்தாழ 1,500 லிட்டர் இருக்கும். முகமூடி வழியே நிமிடத்துக்கு 15 லிட்டர் கொடுத்தால் 100 நிமிடம் வரும். அளவுமானி பாதியைக் காட்டினால் 50 நிமிடம். சிற்றூரிலிருந்து மாவட்டத் தலைநகருக்கு ஒன்றரை மணி நேரப் பயணம் என்றால் அந்த உருளை நடுவழியில் தீரும். பணி தொடங்கும்போது உருளை, உறிஞ்சும் கருவி, மின்கலம், மருந்துகளின் காலாவதி நாள் ஆகியவற்றைப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்த்துக் கையொப்பமிடும் பழக்கம் இருக்கும் வண்டியில் இது நேராது. காலையில் ரொக்க இருப்பை எண்ணாமல் கவுண்டரைத் திறக்கும் காசாளர் உண்டா?

வேகத்தைப் பற்றியும் ஒரு சொல். ஓடும் வண்டியில் மார்பை அழுத்தி உயிர் மீட்பது மிகக் கடினம். நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 முதல் 6 சென்டிமீட்டர் ஆழத்துக்கு அழுத்த வேண்டும். ஒவ்வொரு திருப்பத்திலும் அந்தத் தாளம் தவறும். இடுப்புப் பட்டை அணியாத உதவியாளர் அடுத்த பிரேக்கில் தாமே நோயாளியாகலாம். “சீக்கிரம் ஓட்டுங்கள்” என்று முன்னிருக்கையிலிருந்து நாம் கெஞ்சுவது எப்போதும் நன்மை செய்வதில்லை.

இனி, தரம் எப்படி உயரும் என்பது. சராசரியை மட்டும் பார்ப்பவர் ஏமாறுவார். ஒன்பது அழைப்புகளுக்கு 12 நிமிடத்திலும் பத்தாவதற்கு 72 நிமிடத்திலும் வண்டி சென்றால் சராசரி 18 நிமிடம். அறிக்கையில் அழகாகவே இருக்கும். அந்தப் பத்தாவது வீட்டைத் தேடிப் பிடித்து, ஏன் என்று கேட்பதே தர மேம்பாட்டின் தொடக்கம். அதுபோலவே, ஒப்படைப்புப் படிவம் எத்தனை நோயாளிகளோடு தங்கியது, பக்கவாத நோயாளிகளில் எத்தனை பேருக்குக் கடைசியாக நலமாயிருந்த நேரம் குறிக்கப்பட்டது என்பனவும் எண்ணப்பட வேண்டும். பக்கவாதத்தில் இரத்தக்கட்டைக் கரைக்கும் மருந்துக்கு வழக்கமான வரம்பு நாலரை மணி நேரம். அந்த நேரக் குறிப்பு இல்லாவிட்டால் மருத்துவர் கையைப் பிசைய வேண்டியதுதான்.

எண்ணுவதைவிடக் கடினமானது, தவறைச் சொல்ல வைப்பது. எங்கள் கவுண்டரில் நாளிறுதியில் பணம் குறைந்தாலும் தவறு, கூடினாலும் தவறு. இரண்டும் பதிவாக வேண்டும். கூடுதலை ஒருவர் மறைத்தால், அடுத்த நாள் வேறெங்கோ ஒரு வாடிக்கையாளருக்குக் குறையும். தவறான குப்பியை எடுத்து, கடைசி நொடியில் கவனித்துத் திரும்ப வைத்த உதவியாளரும் அதைச் சொல்ல வேண்டும். சொன்னால் வேலை போகும் என்ற அச்சம் இருக்கும்வரை அவர் சொல்ல மாட்டார். அடுத்தவர் அதே குப்பியை எடுப்பார். ஜேம்ஸ் ரீசன் என்ற உளவியலாளர் இதைத் துளையுள்ள பாலாடைக்கட்டித் துண்டுகளுக்கு ஒப்பிட்டார். அடுக்கிவைத்த துண்டுகளின் துளைகள் நேர்க்கோட்டில் வரும்போதுதான் விபத்து ஊடுருவுகிறது. வாசலில் நின்றவர், திரும்பிப்போன படிவம், மொழி, பணம் கட்டும் வரிசை: அப்பாவின் இரவில் நான்கு துளைகள். கடைசித் துளை நான்.

நோயாளிப் பாதுகாப்புக்கான தேசியச் செயல்திட்டத்தை நம் அரசு 2018இல் வெளியிட்டது. 2021ஆம் ஆண்டின் துணைநிலைச் சுகாதாரத் தொழில்களுக்கான ஆணையச் சட்டம், அவசர மருத்துவத் தொழில்நுட்பவியலாளரையும் தன் பட்டியலில் சேர்த்தது. கல்வித் தரமும் பதிவேடும் நாடெங்கும் ஒரே சீராக வந்தால் வண்டிக்குள்ளிருக்கும் இளைஞருக்கும் இளம்பெண்ணுக்கும் அது பெரும் துணை.

நம் பங்காக, ஆம்புலன்ஸ் வருமுன் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டுக் கையில் கொடுத்துவிடலாம். மருத்துவமனையில் ஒருவர் பணம் கட்டட்டும், மற்றொருவர் படுக்கையருகே நிற்கட்டும். தனியாக வந்திருந்தால், கவுண்டருக்குப் போகுமுன் மருத்துவரிடம் ஒரு நிமிடம் கேட்டுப் பெறலாம். முன்பணம் சற்றுக் காத்திருக்கும்.

அப்பா இப்போது ஊரில் இருக்கிறார். அவருடைய சட்டைப்பையில், ஏ.டி.எம். அட்டைக்குப் பின்னால், அதே அளவில் ஓர் அட்டை இருக்கிறது: பெயர், வயது, வால்வு மாற்றிய ஆண்டு, வார்ஃபரின் அளவு, என் தொலைபேசி எண். தமிழ், இந்தி, ஆங்கிலம் என மூன்று மொழிகளில் என் மகள் எழுதிக் கொடுத்தது. மாத்திரை அளவு மாறும்போதெல்லாம் புது அட்டை கேட்டு அவரே தொலைபேசியில் அழைக்கிறார்.