களைப்பு, அசதி, தளர்ச்சி, அயர்வு: தைராய்டுக் குறைவும் சொல்லின் துணையும்

பலதுறை மருந்தகங்களில் நாள்தோறும் நிகழும் உரையாடல் ஒன்று உண்டு. மருத்துவர், “எப்படி இருக்கிறீர்கள்?” என வினவுகிறார். தைராய்டுக் குறைவுக்கு மருந்து உட்கொள்பவர், “டயர்டாக இருக்கிறது” என விடையளிக்கிறார். மருத்துவர் அதனைக் குறித்துக்கொண்டு அடுத்த வினாவுக்குச் செல்கிறார். சொற்களைப் பகுத்தாய்வதையே தொழிலாகக் கொண்டிருந்த நாமும், நமக்கு மருந்தின் அளவு சரிசெய்யப்பட்டுவந்த மாதங்களில், அந்த ஒரு சொல்லையே சொல்லித் திரும்பினோம். வீடு செல்லும் வழியில், சிராங்கூன் சாலையில் பேருந்துக்குக் காத்திருந்தபோதுதான் ஓர் உண்மை உறைத்தது. நம்மிடம் இருந்தது ஒரே வகைச் சோர்வு அன்று. அதன் வகைகளுக்குத் தமிழில் தனித்தனிப் பெயர்களும் இருந்தன. அப்பெயர்கள் நோயாளிக்கும் மருத்துவருக்கும் எவ்வாறு பயன்படும் என்பதே இக்கட்டுரையின் பொருள்.

முதலில் நோயைப் பற்றிச் சில செய்திகள். கழுத்தின் முன்புறத்தில், குரல்வளைக்குச் சற்றுக் கீழே, வண்ணத்துப்பூச்சி வடிவில் அமைந்த சுரப்பி தைராய்டு. ஆங்கிலேய மருத்துவர் தாமஸ் வார்ட்டன் 1656இல், கேடயத்தைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் அடிப்படையில் இதற்குப் பெயரிட்டார். தமிழில் கேடயச் சுரப்பி என்று வழங்குவதும் அது பற்றியே. உடல் தன் ஆற்றலை எவ்வளவு விரைவாகப் பயன்படுத்த வேண்டும் என்பதை இதன் ஹார்மோன்கள் நெறிப்படுத்துகின்றன. சுரப்புக் குறைந்தால் உடலின் இயக்கம் முழுவதும் மெதுவாகிறது. குளிர் பொறுக்காது; தோல் வறளும்; எடை கூடும்; மலச்சிக்கல் தோன்றும்; நினைவு மங்கும். இவற்றுள் பெரும்பாலோரை வாட்டுவது சோர்வு.

1891இல் ஜார்ஜ் முரே என்னும் ஆங்கிலேய மருத்துவர், ஆட்டின் தைராய்டுச் சாற்றை இந்நோய் முற்றிய ஒரு பெண்மணிக்கு ஊசிவழிச் செலுத்தினார். அப்பெண்மணி தொடர்ந்து சிகிச்சை பெற்று 1919 வரை வாழ்ந்தார். இன்று அவ்விடத்தில் லெவோதைராக்சின் என்னும் சிறு மாத்திரை உள்ளது. சுரப்பி தர இயலாத ஹார்மோனை நாள்தோறும் ஈடுசெய்வதே அதன் பணி.

மாத்திரை தொடங்கிய மறுநாளே சோர்வு அகலுவதில்லை. இம்மருந்தின் அளவு குருதியில் பாதியாகக் குறைவதற்கு ஏறத்தாழ 7 நாள்கள் ஆகும். இவ்வாறு மெல்ல நகரும் மருந்து ஒரு நிலைபெறுவதற்கு 5, 6 வாரங்கள் வேண்டும். அதனால்தான் அளவை மாற்றியபின் 6 முதல் 8 வாரங்கள் கழித்தே மறுபடியும் குருதிச் சோதனை செய்கின்றனர். சோதனையில் பார்க்கப்படுவது பெரும்பாலும் டி.எஸ்.எச். என்னும் ஹார்மோன். இது தைராய்டில் சுரப்பதன்று. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி தைராய்டை ஏவுவதற்கு அனுப்புவது. கடைசி வரிசை மாணவனுக்குக் கேட்கவில்லையெனில் ஆசிரியர் குரலை உயர்த்துவது போல, தைராய்டு மந்தமாகும்போது டி.எஸ்.எச். உயர்கிறது. எனவே இவ்வெண் கூடினால் தைராய்டு குறைந்துள்ளது என்று பொருள். இதனைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு மகிழ்ந்தோரும் அஞ்சினோரும் பலர்.

அளவு பெரும்பாலும் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்னும் சிறு படிகளில் மாற்றப்படுகிறது. முதியோருக்கும் இதயநோய் உள்ளோருக்கும் குறைந்த அளவிலேயே தொடங்குவர். சோர்வு தாங்காமல் தாமாகவே ஒரு மாத்திரையைக் கூட்டிக்கொள்வது தீங்கானது. அளவு மிகுந்தால் நெஞ்சு படபடக்கும், உறக்கம் கெடும், நாளடைவில் எலும்பு மெலியும், இதயத் துடிப்பின் ஒழுங்கும் குலையலாம். ஆகவே, இரு சோதனைகளுக்கு இடைப்பட்ட வாரங்களைப் பொறுமையோடு கடத்தியாக வேண்டும். நமக்குச் சொற்கள் துணைநின்றது அவ்வாரங்களில்தான்.

சோர்வு என்பதைப் பொதுப்பெயராகக் கொள்வோம். ‘சோர்’ என்னும் வினைக்குத் தளர்தல் என்பதோடு நழுவுதல், ஒழுகுதல் என்னும் பொருள்களும் உண்டு. கண்ணீர் சோர்தல் என்கிறோம் அல்லவா? இப்பொதுப்பெயரின் கீழ் நான்கு சொற்களை நிறுத்தலாம். களைப்பு, உழைப்பின் பின் வருவது, ஓய்வெடுத்தால் ஆறும். களைப்பாறுதல் என்னும் தொடரே அதற்குச் சான்று. அசதி, உழைக்காதபோதும் உடலில் படியும் பாரம். உறங்கி எழுந்தபின்னும் இமையை அழுத்துவது. தளர்ச்சி, தசையின் வலுக்குறைவு. படியேறும்போது தொடை சொல்வது. அயர்வு, அறிவைத் தொடுவது. ‘அயர்’ என்னும் வினைக்குத் தளர்தலோடு மறத்தலும் பொருளாதலை எண்ணுக. அன்றாட வழக்கில் இச்சொற்கள் ஒன்றன் இடத்தில் மற்றொன்று வருதல் இயல்பே. ஆயினும் நம் குறிப்புக்கு நாம் ஒரு வரையறை செய்துகொள்வதில் தவறில்லை.

நாம் ஒரு சிறு குறிப்பேடு வைத்தோம். நாள்தோறும் இரவில் நான்கு சொற்களுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண் இட்டோம். சில வாரங்களில் ஒரு செய்தி புலப்பட்டது. அசதி மெல்லக் குறைந்துவந்தது, தளர்ச்சி அசையவில்லை. அடுத்த சந்திப்பில் அதனை அவ்வாறே சொன்னோம். மருத்துவரின் வினாக்கள் மாறின. வேறு சோதனைகளும் சேர்ந்தன. டி.எஸ்.எச். சரியான பின்னும் சோர்வு நீடித்தால் குருதிச்சோகை, வைட்டமின் பி12 குறைவு, நீரிழிவு, உறக்கத்தில் மூச்சுத் தடைபடுதல், மனச்சோர்வு முதலிய பிற காரணங்களைத் தேட வேண்டும். “டயர்ட்” என்னும் ஒற்றைச் சொல் அத்தேடலுக்கு வழிகாட்டாது.

குறிப்பேடு நம் பழக்கம் ஒன்றையும் காட்டிக்கொடுத்தது. மாத்திரையை விழுங்கிய கையோடு தேக்கா சந்தைக்குச் சென்று கோப்பி அருந்திவந்தோம். வெறும் வயிற்றில் தண்ணீரோடு உட்கொண்டு, அரைமணி முதல் ஒருமணி நேரம் கழித்தே கோப்பியும் சிற்றுண்டியும் கொள்ள வேண்டும்; இல்லையேல் மருந்து குடலில் சரிவர ஈர்க்கப்படாது. சோயா பாலும் அத்தகையதே. சுண்ணாம்புச் சத்து, இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு 4 மணி நேர இடைவெளி தேவை. முடி வளர்ச்சிக்கென விற்கப்படும் பயோட்டின், சோதனை முடிவையே பிறழச் செய்யக்கூடும். அதனை உட்கொள்வோர் முன்னரே தெரிவித்தல் நன்று. கருவுற்ற பெண்களுக்கு மருந்துத் தேவை கூடுமாதலால் அவர்கள் உடனே மருத்துவரை அணுக வேண்டும்.

பன்மொழி நகரமாகிய சிங்கப்பூரில் இன்னொரு நுட்பமும் உண்டு. இங்குள்ள தமிழர் தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் வந்தோரின் வழியினர். தமிழக வழக்கில் ‘வருத்தம்’ என்றால் துயரம். யாழ்ப்பாண வழக்கில் அதுவே நோய். “அம்மாவுக்கு வருத்தம்” என்னும் தொடரைப் பேரப்பிள்ளை ஆங்கிலத்தில் பெயர்க்கும்போது, உடல்நோய் மனத்துயராக மாறிவிடலாம். மொழிபெயர்க்கும் இளையோர், “உடம்பிலா, மனத்திலா?” என ஒருமுறை கேட்டுத் தெளிதல் வேண்டும்.

இறுதியாக, ஆசிரியர்களுக்கு ஒரு சொல். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், இளிவரல் தோன்றும் நிலைக்களன்களாக மூப்பு, பிணி, வருத்தம், மென்மை ஆகிய நான்கினைக் கூறுகிறது. நோயுற்றவர் தம்மைத் தாமே இழிவாக எண்ணுவதை நம் முன்னோர் அறிந்திருந்தனர். தைராய்டுக் குறைவுடையோர், “நான் சோம்பேறியாகிவிட்டேனோ?” எனத் தம்மையே ஐயுறுவது இவ்விளிவரலே. திருக்குறள் மடியின்மைக்கு ஓர் அதிகாரம் வகுத்தது. ஆனால் மடி என்பது முயலாமை. முயன்றும் இயலாமை மடி ஆகாது. நாம் வகுப்பறையில் இருந்த காலத்தில், மேசையில் தலைசாய்த்த மாணவரை ‘சோம்பேறி’ என அழைத்ததுண்டு. அவர்களுள் எவருக்கு உழைப்பின் களைப்பு, எவருக்கு நோயின் அசதி என்று கேட்டறியவில்லை. இந்நோய் முதியோருக்கு மட்டும் உரியதன்று. பள்ளிப் பிள்ளைகளுக்கும் வரும். ஓர் எளிய குருதிச் சோதனை அதனைக் காட்டிவிடும்.

ஆகவே, அடுத்த முறை ஒரு மாணவர் தலைசாய்த்தால், பெயர் சூட்டுவதற்கு முன் கேளுங்கள்: “களைப்பா, அசதியா?” மாணவர்களே, வீட்டில் பாட்டி “முடியவில்லை” என்றால், எது முடியவில்லை என்று அருகில் அமர்ந்து கேளுங்கள். அவர் சொல்லும் சொல்லை மாற்றாமல் எழுதி மருத்துவரிடம் எடுத்துச் செல்லுங்கள்.