மொரீஷியஸ் செல்கிறீர்களா?

மொரீஷியஸ் நாட்டின் நூறு ரூபாய்த் தாளை முதன்முறையாகக் கையில் வாங்கும் தமிழர் ஒரு கணம் திகைப்பது இயல்பு. ஆங்கிலத்தை அடுத்துத் தொகை தமிழ் எழுத்தில் அச்சிடப்பட்டிருக்கும். அதன் பின்னரே நாகரி எழுத்து. அத்தாளில் உள்ள உருவமும் தமிழ் வழிவந்தவரான ரெங்கநாதன் சீனிவாசனுடையது. 1998ஆம் ஆண்டின் இறுதியில் அந்நாட்டு மைய வங்கி வெளியிட்ட புதிய தாள்களில் இந்த வரிசை மாறித் தமிழ் கீழே போயிற்று. தமிழ் வழியினர் கிளர்ந்தெழுந்தனர். அரசு அத்தாள்களைத் திரும்பப் பெற்று, பழைய வரிசைப்படியே மீண்டும் அச்சிட நேர்ந்தது. ஒரு நாட்டின் பணத்தாளில் நம் மொழி இடம் பெற்றிருப்பதற்குப் பின்னால் இப்படியொரு கதை உண்டு என்பதை அறிந்து செல்வது நல்லது.

ஆனால் அங்கும் ரூபாய், இங்கும் ரூபாய் என்பதால் ஏற்படும் மயக்கம் செலவில் முடியும். மொரீஷியஸ் ரூபாயின் மதிப்பு நம் ரூபாயைவிட ஏறத்தாழ ஒன்றே முக்கால் மடங்குக்கும் இரண்டு மடங்குக்கும் இடையில் அமைந்து வருகிறது. விலைச்சீட்டில் 500 ரூபாய் என்று கண்டதும் மனம் தானாகவே நம் 500 ரூபாயை எண்ணிக்கொள்ளும். முதல் இரண்டு நாட்களுக்காவது ஒவ்வொரு விலையையும் வாய்விட்டுப் பெருக்கிப் பார்ப்பது நலம். உணவகங்களில் 15 விழுக்காடு மதிப்புக் கூட்டு வரி விலையில் அடக்கமா, தனியா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பெரிய விடுதிகள் யூரோவில் விலை கூறும் வழக்கமும் உண்டு.

எப்போது செல்வது?

மடகாஸ்கருக்குக் கிழக்கே, இந்தியப் பெருங்கடலில், நிலநடுக்கோட்டுக்குத் தெற்கே அமைந்த தீவு இது. ஆகவே பருவங்கள் நமக்குத் தலைகீழ். நவம்பர் முதல் ஏப்ரல் வரை கோடை. மே முதல் அக்டோபர் வரை மென்குளிர். நம் நேரத்தைவிட அங்கு ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கும்.

டிசம்பர் விடுமுறையில் செல்லவே பெரும்பாலோர் விரும்புகின்றனர். அம்மாதத்தில் ஐரோப்பியப் பயணிகளும் குவிவதால் விடுதிக் கட்டணம் உச்சத்தில் இருக்கும். அதையடுத்து வரும் ஜனவரி, பிப்ரவரி மாதங்கள் புயலுக்குரியவை. 2024 ஜனவரி 15 அன்று பெலால் புயலின்போது தலைநகர் போர்ட் லூயியின் வீதிகளில் வெள்ளம் கார்களை இழுத்துச் சென்றது. புயல் எச்சரிக்கை அங்கு நான்கு நிலைகளாக அறிவிக்கப்படும். முதல் இரண்டும் ஆயத்தமாவதற்கான காலம். மூன்றாம் நிலை வந்துவிட்டால் கடைகள் அடைபடும்; பேருந்துகள் நிற்கும்; எவரும் வெளியே செல்லலாகாது. விமானங்களும் தள்ளிப்போகும். இம்மாதங்களில் பயணம் செய்வோர் திரும்பும் நாளுக்கும் அலுவலகம் செல்லும் நாளுக்கும் இடையே இரண்டு நாட்களாவது இடைவெளி விடவேண்டும். பயணக் காப்பீடு எடுக்கும்போது, இயற்கைச் சீற்றத்தால் பயணம் தடைபட்டால் இழப்பீடு உண்டா என்ற பிரிவைப் படித்துப் பாருங்கள்.

முதியோருடனும் குழந்தைகளுடனும் செல்வோருக்கு மே, செப்டம்பர், அக்டோபர் மாதங்களையே நான் பரிந்துரைப்பேன். ஜூலை, ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கிழக்குக் கரையை விடாது மோதும். கடற்கரையில் அமர்ந்தால் மணல் முகத்தில் அறையும். அக்காலத்தில் செல்வதாயின் மேற்கிலுள்ள ஃப்ளிக் ஆன் ஃப்ளாக், வடமேற்கிலுள்ள துரூ ஓ பீஷ், கிராண்ட் பே போன்ற இடங்களில் தங்குவதே பொருத்தம். நடுவிலுள்ள மேட்டு நிலத்தில், குறிப்பாகக் கூர்ப்பீப் நகரில், மழையும் குளிரும் மிகுதி. வெப்பமண்டலத் தீவுதானே என்று ஒரு கம்பளிச் சட்டைகூட எடுத்துச் செல்லாதவர்கள் மாலையில் நடுங்குவர்.

ஆவணங்களும் பெட்டியும்

சுற்றுலாச் செல்லும் இந்தியர் முன்கூட்டியே விசா பெறத் தேவையில்லை. எனினும் திரும்பும் பயணச்சீட்டு, தங்குமிட உறுதிச்சீட்டு, தங்கும் காலத்திற்குப் போதிய பணம் ஆகியவற்றைக் குடியேற்ற அதிகாரி கேட்கலாம். நாளொன்றுக்கு 100 அமெரிக்க டாலர் என்பது பணத்திற்கான அளவுகோல். உறவினர் வீட்டில் தங்குவோர் அவர்களின் முகவரியையும் அழைப்புக் கடிதத்தையும் கையில் வைத்திருக்க வேண்டும். புறப்படுமுன் இணையவழிப் பயணப் படிவத்தையும் நிரப்பிவிடுங்கள். மும்பையிலிருந்து நேரடி விமானத்தில் ஏறத்தாழ ஆறு மணி நேரப் பயணம். கட்டணம் குறைவென்று கென்யா போன்ற நாடுகள் வழியே செல்வோர் மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி விதிகளைப் பார்த்துக்கொள்ள வேண்டும். அந்த ஊசி போட்டு 10 நாட்கள் கழிந்த பின்னரே சான்றிதழ் செல்லும்.

பெட்டி கட்டும்போது இரண்டு செய்திகள் முக்கியம். முதலாவது மருந்து. போதைப்பொருள் சட்டம் அங்கு மிகக் கடுமையானது. தூக்க மாத்திரை, மனப்பதற்றத்திற்கான மருந்து, வீரியமிக்க வலிநிவாரணி ஆகியவற்றுக்கு முன் அனுமதி தேவை. நீரிழிவு, இரத்த அழுத்தம் போன்றவற்றுக்கான மருந்துகளையும் மருத்துவரின் சீட்டுடன், கடையில் வாங்கிய உறையிலேயே எடுத்துச் செல்லுங்கள். மாத்திரைகளை உதிர்த்துச் சிறு டப்பாக்களில் போட்டுக் கொண்டுபோகும் நம் பழக்கம் இங்கு வேண்டாம். இரண்டாவது, செடி, விதை, பழம், காய்கறி. அனுமதியின்றி இவற்றைக் கொண்டு செல்ல இயலாது. கறிவேப்பிலையைத் தாளில் சுற்றிப் பெட்டியின் அடியில் வைக்கும் அன்னையருக்கு ஒரு சொல்: அங்குள்ள சந்தையிலேயே அது கிடைக்கும், கிரியோல் மொழியில் அதன் பெயர் 'கரிபுலே'. முருங்கைக் கீரைக்கும் 'ப்ரெட் முரும்' என்ற பெயர் இருக்கிறது. மின் சிகரெட்டுக்கு அங்கு முழுத் தடை.

பணத்தை எப்படிக் கொண்டு செல்வது?

இந்தியாவில் மொரீஷியஸ் ரூபாய் கிடைப்பது அரிது. பல நாட்டுச் செலாவணி அட்டைகள் பெரும்பாலானவற்றிலும் அந்நாணயம் இராது. டாலரோ யூரோவோ நிரப்பிய அட்டையை அங்கு தேய்த்தால், ஒரு நாணயத்திலிருந்து மற்றொன்றுக்கு மாற்றும் கட்டணம் கூடுதலாகப் பிடிக்கப்படும். எனவே அட்டை வாங்கும்போதே அக்கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். கைச்செலவுக்குச் சிறிது டாலர் அல்லது யூரோ எடுத்துச் சென்று அங்குள்ள வங்கியிலோ அங்கீகாரம் பெற்ற பண மாற்று நிலையத்திலோ மாற்றிக்கொள்வது எளிது. விமான நிலையத்தில் முதல் நாளுக்கு வேண்டியதை மட்டும் மாற்றி, மீதியை நகரில் விகிதம் ஒப்பிட்டு மாற்றலாம். ஒரு பயணத்திற்கு 3,000 டாலர் வரையிலான மதிப்பிற்கே வெளிநாட்டுப் பணத்தாள் எடுத்துச் செல்லலாம். அதற்கு மேற்பட்ட தொகை அட்டை வடிவில் இருக்க வேண்டும். இந்திய ரூபாயாக 25,000 வரை உடன் கொண்டு செல்ல அனுமதி உண்டு. ஊர் திரும்பியதும் வாடகை வண்டிக்கு அது உதவும்.

2024 பிப்ரவரி 12 முதல் மொரீஷியசில் யுபிஐ, ரூபே சேவைகள் தொடங்கப்பட்டுள்ளன. கடைகளில் கியூஆர் குறியீட்டை வருடிப் பணம் செலுத்தலாம். ஆனால் உங்கள் செயலியில் வெளிநாட்டு யுபிஐ வசதியை முன்னதாகவே இயக்கியிருக்க வேண்டும். எல்லாக் கடைகளிலும் இவ்வசதி இருக்கும் என்று நம்பிப் புறப்படலாகாது. சந்தையிலும் தெருவோரக் கடையிலும் பேருந்திலும் ரொக்கமே செல்லும்.

கடன் அட்டையோ பற்று அட்டையோ, எதுவாயினும் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்ட நிலையிலேயே நம் வங்கிகள் அதனை வழங்குகின்றன. 2020 முதல் நடைமுறையிலுள்ள விதி இது. வங்கிச் செயலியில் சென்று அதைத் திறந்து, நாள்வரம்பையும் நீங்களே வரையறுக்கலாம். இங்கிருக்கும்போதே இதைச் செய்துவிடுங்கள். அங்கு போய்ச் செய்ய முயன்றால் ஓடிபி வராமல் தவிக்க நேரும். ஓடிபிக்காகவே இந்தியத் தொலைபேசி எண்ணில் ரோமிங் வசதி வேண்டும்.

அட்டையைத் தேய்க்கும்போது சில கருவிகள், 'இந்திய ரூபாயில் செலுத்துகிறீர்களா, மொரீஷியஸ் ரூபாயிலா?' என்று வினவும். இந்திய ரூபாய் என்பது நமக்குப் பழகிய பெயர். கை தானாக அதனை நோக்கிப் போகும். அதைத் தேர்ந்தால் மாற்று விகிதத்தை அக்கடையின் பக்கத்திலுள்ள நிறுவனம் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ளும். உள்ளூர் நாணயத்தைத் தேர்வதே எப்போதும் சரி. ஏ.டி.எம்.மிலும் இதே கேள்வி எழும், இதே விடை.

கார் வாடகைக்கு எடுப்போர் முன்வைப்புத் தொகைக்குக் கடன் அட்டையையே கொடுக்கட்டும். பற்று அட்டையைக் கொடுத்தால் உங்கள் சேமிப்புக் கணக்கிலுள்ள பணமே சில நாட்கள் முடங்கிக் கிடக்கும். இரண்டு அட்டைகளை இரு வேறு பைகளில் வையுங்கள். தொலைந்த அட்டையை முடக்கும் எண்ணைக் கைப்பேசியில் மட்டுமன்றித் தாளிலும் எழுதி வைப்பது அவசியம். பெரும்பாலும் இரண்டும் ஒரே பையில்தான் தொலைகின்றன. அறியாத பரிவர்த்தனை ஒன்றைக் கண்டால் அன்றே வங்கிக்குத் தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாளும் இழப்பின் சுமை வாடிக்கையாளர் பக்கமே சாயும்.

சுற்றுலா நிறுவனத்தின் தொகுப்புப் பயணமாகச் செல்வோரிடம் மூலத்திலேயே வரி வசூலிக்கப்படும். அது போய்விட்ட பணம் அன்று. உங்கள் வரிக் கணக்கில் வரவாகும். வருமான வரி அறிக்கையில் ஈடுசெய்துகொள்ளலாம். பான் எண் சரியாகக் கொடுக்கப்பட்டதா என்பதை மட்டும் ரசீதில் பாருங்கள்.

கடலும் சாலையும்

தீவின் பெரும்பகுதியைப் பவளப்பாறைத் திட்டு அரண்போல் சூழ்ந்திருக்கிறது. உள்ளே அமைதியான, ஆழம் குறைந்த நீர். அலை வெளியே பாறையில் மோதி உடையும். இதைக் கண்டு பழகியவர்கள் தெற்கே கிரி கிரி கரைக்குச் சென்றதும் ஏமாந்துபோகிறார்கள். அங்கு பாறை அரண் இல்லை. பெருங்கடல் நேராகக் கரையில் மோதி, காலை வாரி இழுக்கும். பார்ப்பதற்கு மட்டுமே உரிய இடம் அது. குழந்தைகளின் கையை விடலாகாது. அமைதியான கரைகளிலும் திட்டின் இடைவெளிகளில் நீரோட்டம் வலுவாக இருக்கும். உள்ளூர் மீனவர் இறங்காத இடத்தில் நாமும் இறங்க வேண்டாம்.

நீரில் இறங்கும்போது ரப்பர் அடி வைத்த காலணி அணியுங்கள். மணலிலும் கல்லிலும் கல்போலவே கிடக்கும் கல்மீனின் முள் காலில் ஏறினால் தாங்கொணா வலி உண்டாகும். பொறுக்கும் அளவு சூடான நீரில் காலை அமிழ்த்தியபடி மருத்துவமனைக்கு விரைய வேண்டும். அவசர மருத்துவ உதவிக்கு 114. காவல் துறைக்கு 999. தனியார் மருத்துவமனைச் செலவு சிறிதன்று. காப்பீட்டுச் சீட்டின் எண் கையில் இருக்கட்டும்.

வாகனங்கள் நம்மைப் போலவே இடப்புறம் செல்கின்றன. பேருந்து மலிவு, ஆனால் மாலைக்கு மேல் குறைந்துவிடும். போர்ட் லூயியிலிருந்து கூர்ப்பீப் வரை இந்திய உதவியுடன் அமைந்த மெட்ரோ இரயில் ஓடுகிறது. அதன் பெட்டியிலிருந்து மலைகளைப் பார்த்துச் செல்வதே ஒரு சுற்றுலா. வாடகைக் காரில் ஏறுமுன் கட்டணம் பேசி முடிவுசெய்யுங்கள், மீட்டரை நம்புவதற்கில்லை.

சைவ உணவினருக்குக் கவலை வேண்டாம். பருப்பு வைத்த தோல் பூரி தெருவெங்கும் கிடைக்கும். 'கத்தோ பிமா' என்பது நம் மசால் வடையின் தம்பி. சப்ஜா விதையும் பாலும் கலந்த அலூதாவைப் போர்ட் லூயிச் சந்தையில் அருந்தலாம். தைப்பூசம் அங்கு அரசு விடுமுறை. அந்நாளில் செல்லும் பேறு கிட்டினால் காவடி இறங்கிய பின் வாழையிலையில் பரிமாறப்படும் ஏழு கறி விருந்தைத் தவறவிடாதீர்கள். போர்ட் லூயியின் சாந்த் க்ருவா பகுதியிலுள்ள கைலாசம் கோயிலும், கோர் த கார்ட் மலைச்சரிவிலுள்ள முருகன் கோயிலும் அன்று மக்கள் வெள்ளத்தில் மிதக்கும். எனினும், தமிழ்ப் பெயர் தாங்கியவரிடம் தமிழில் பேசத் தொடங்கிவிடாதீர்கள். பெரும்பாலோர் வீட்டில் கிரியோலே பேசுகின்றனர். 'வணக்கம்' என்ற ஒரு சொல்லுக்கு அவர்கள் முகம் மலரும்; அதன் பின் ஆங்கிலம் கைகொடுக்கும்.

பட்டியலில் இல்லாத ஓர் இடம்

ஏழு வண்ண மண் கொண்ட ஷமரேல், கங்கா தலாவ் ஏரி, பாம்ப்ளமூஸ் தோட்டத்து அல்லிகள் ஆகியவற்றை எந்த வழிகாட்டியும் காட்டுவார். போர்ட் லூயித் துறைமுகத்து ஆப்ரவாசி காட்டை அரை மணியில் முடித்துவிடுவார்கள். அவ்வாறு முடிக்கக்கூடிய இடமன்று அது. 1834 நவம்பர் 2 அன்று அட்லஸ் கப்பலில் 36 பேர் வந்திறங்கியதில் தொடங்கி, 1920 வரை ஏறத்தாழ ஐந்து இலட்சம் ஒப்பந்தத் தொழிலாளர் இந்தியாவிலிருந்து இங்கு வந்தனர். அவர்கள் ஏறிய 16 கற்படிகள் இன்றும் உள்ளன. 2006இல் யுனெஸ்கோ இதனை உலகப் பாரம்பரியச் சின்னமாக ஏற்றது. தமிழ்க் கைவினைஞர் இதற்கும் நூறாண்டு முன்பே, பிரெஞ்சு ஆட்சியில், புதுச்சேரிப் பகுதியிலிருந்து சென்று அந்நகரைக் கட்டியவர்கள்.

'எங்கள் கொள்ளுத்தாத்தாவின் அண்ணன் மொரீசுக்குப் போனவர், திரும்பவில்லை' என்று உங்கள் வீட்டில் எவரேனும் சொல்லியிருந்தால், மோகா நகரிலுள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தின் குடியேற்ற ஆவணக் காப்பகத்தை நாடலாம். வந்தவர்களின் பெயர், தந்தை பெயர், ஊர், கப்பல் எனப் பதிவேடுகள் அங்கு காக்கப்படுகின்றன. பலருடைய ஒளிப்படங்களும் உள்ளன. புறப்படுமுன் வீட்டு முதியவர்களிடம் பெயரையும் சொந்தக் கிராமத்தையும் உத்தேச ஆண்டையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெயர்கள் பிரெஞ்சு, ஆங்கில எழுத்துகளில் உருமாறியிருக்கும். ஊர்ப் பெயரே அடையாளம் காண உதவும். காப்பகத்திற்கு முன்னதாக எழுதிக் கேட்டுச் செல்வது அலைச்சலைத் தவிர்க்கும்.

திரும்பும் நாளில் எஞ்சிய மொரீஷியஸ் ரூபாயை விமான நிலையத்திலேயே மாற்றிவிடுங்கள். இங்கு அதை வாங்குவோர் அரியர். சங்கு, பவளத் துண்டு எதையும் கரையில் பொறுக்கிப் பையில் போட வேண்டாம்; பவளம் நம் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருப்பது, சுங்கச் சோதனையில் சிக்கலாகும். விமானம் தரையிறங்கியதும் செயலியைத் திறந்து அட்டையின் வெளிநாட்டுப் பயன்பாட்டை மூடிவிட்டு, ஒரு மாதம் வரை கணக்கு அறிக்கையைக் கவனித்து வாருங்கள். விடுதியும் கார் நிறுவனமும் முடக்கி வைத்த தொகை விடுவிக்கப்பட்டதா என்பது அப்போதுதான் தெரியும்.